இடம் தெரியாத எலும்பு

அப்பாவை எரித்த மறுநாள் காலை பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குக் கிளம்பியபோது தீபலட்சுமியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். பொம்பளைப் பிள்ளை அங்கெல்லாம் வரலாமா என்று சித்தப்பா வாசலிலேயே ஆரம்பித்தார். தம்பி கார்த்தி அவரை இரண்டாவது வாக்கியம் பேசவிடவில்லை.

"வரட்டும் சித்தப்பா. அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சது அக்காதான். நாங்கல்லாம் போன்ல கேட்டதோட சரி."

அவன் நல்லதாகத்தான் சொன்னான். தீபலட்சுமிதான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காரில் ஏறி ஏரிக்கரை திரும்புகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேஸ் மேடை பக்கத்திலேயே புதுசாகப் பளபளவென்று இருந்தது. ஆனாலும் அப்பா சுப்பராயலுவை விறகில்தான் வைத்தார்கள். "முப்பத்தாறு வருஷம் மெஷினுங்களோட மாரடிச்சாச்சு. கடைசியா ஒரு நாளாவது என்னை மெஷினாண்ட விடாதீங்கடா" என்று உயிரோடு இருந்தபோதே சொல்லி வைத்திருந்தார் மனிதர். பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள், காலையில் குழாயடியில் பக்கெட்டைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்தார். மாரைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அறுபத்தெட்டு வயசு.

சுடுகாட்டில் வேலை பார்க்கிற துளசிங்கம் அதற்குள் சாம்பலில் தண்ணீர் ஊற்றி ஆற வைத்திருந்தார். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு இடத்தைப் பெருக்கிச் சுத்தமாக்கி, தெற்கே தலை வைத்து ஒவ்வொரு எலும்பாக அடுக்கிக்கொண்டு வந்தார். மண்டை, தாடை, தோள், விலா, இடுப்பு, தொடை, முழங்கால். கறிகாய் ஆய்கிற மாதிரி அவ்வளவு லேசாக அந்தக் கை போய் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையில் ஓர் ஆள் படுத்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் அடுக்கி முடித்த பிறகும் துளசிங்கத்தின் கையில் ஒன்று மிச்சம் இருந்தது.

நடுவிரல் நீளம் இருக்கும். பட்டையாக, நேராக, ஐஸ் குச்சி மாதிரி. ஒரு பக்கம் மட்டும் அங்கங்கே மேடு தட்டிக் கரடுமுரடாக இருந்தது. அவர் அதைத் தலைப் பக்கம் கொண்டுபோனார், விலாப் பக்கம் கொண்டுவந்தார், காலடியில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

"இன்னாடா இது பேஜாரா கீது" என்றார்.

"விலா எலும்பு உடைஞ்சிருக்கும்ணா" என்றான் கார்த்தி.

"விலா வளைஞ்சி இருக்கும் சார். இது ஸ்கேல் கணக்கா நேரா கீது பாரு. அதும் எங்க கெடந்துச்சி தெரியுமா? நட்ட நடுவுல, வயித்தாண்ட. வயித்தாண்ட ஏது சார் எலும்பு? நான் இன்னா இன்னிக்கா புச்சா பொறுக்கறேன்?"

"அப்போ விறகுச் சில்லா இருக்கும். தூக்கிப் போடுங்க."

துளசிங்கம் தூக்கிப் போடவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். டிக் என்றது.

"எலும்புதான் சார். சத்தியமா எலும்பு. எந்த எடத்துதுன்னுதான் தெரியல."

அந்தச் சத்தம் கேட்டதும் தீபலட்சுமி ஒரு அடி முன்னால் வந்தாள்.

சுப்பராயலு தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவர். மின்சார ரயில் பெட்டிகளுக்கு அடியிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். சின்னச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடையில் குக்கர் வாங்கப் போனாலும் தட்டுவார், தேங்காயைத் தட்டுவார், கார்த்தி கேளம்பாக்கத்தில் பிளாட் வாங்கியபோது சுவரெல்லாம் தட்டிப் பார்த்து பில்டரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குடலில் புண் முற்றி ஓட்டை விழுந்தது. அவசரமாக வயிற்றைத் திறந்தார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரைக்கும் நீளமாக ஒரே வெட்டு. பிழைத்ததே பெரிசு என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நாலு மாசம் போயிருக்கும். ஒருநாள் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"தீபா, இங்க தட்டிப் பாரேன்."

"என்னப்பா?"

"தட்டிப் பாருன்றேன். தழும்புக்குள்ள எலும்பு கீது."

"எலும்பாவது. தையல் போட்ட இடம் கெட்டியாத்தான்பா இருக்கும்."

"எனக்குச் சத்தம் தெரியாதா? சதை இப்டிக் கேக்காதும்மா. குனிஞ்சா குத்துது. பக்கெட்டு தூக்க முடில."

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தழும்பு தடித்திருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் வாயு என்று மாத்திரை எழுதினார். மூன்றாமவர் கல்லீரல், கிட்னி எல்லாம் படம் எடுக்கச் சொல்லி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார். ஒவ்வொரு இடத்திலும் சுப்பராயலு சட்டையைத் தூக்கித் தட்டிக் காட்டுவார். டாக்டர்கள் சிரிப்பார்கள். தீபலட்சுமி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வாள்.

வீட்டில் அம்மா பூவம்மாள் வாய் சும்மா இருக்குமா? கோவளத்தில் மீன்காரர் வீட்டில் பிறந்தவள் அவள். பேச்சில் எப்போதும் உப்பு ஒரு பிடி தூக்கலாகத்தான் இருக்கும்.

"ரயில் சக்கரத்தைத் தட்டித் தட்டி உங்கப்பனுக்குக் கை அரிக்குதுடி. ரயிலு இல்லன்னா இன்னா, வயிறு கீதேன்னு தட்டிக்கினு கீறாரு."

"நீ ஒரு தபா காத வெச்சிக் கேளு பூவு. ஒரே ஒரு தபா."

"காத வெச்சி? எனக்கு வேற வேலையில்ல. போன வாரம் சங்கரா மீன அவுக்கு அவுக்குனு துன்னியே, முள்ளு மாட்டியிருக்கும். ரெண்டு வாழப்பழம் துன்னு, போயிடும்."

கடைசியாகச் சேலையூரில் ஒரு சின்ன வயசு டாக்டர் இவர் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று எழுதிக்கொடுத்தார். போன மே மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை அது. ஸ்கேன் சென்டரில் வியாழக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட்டும் படமும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

தீபலட்சுமி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். மே மாசம் என்றால் அட்மிஷன். அந்த வியாழக்கிழமை ஒரு பையனின் அப்பா மேஜையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனார், பிரின்ஸ்பால் அவள் மேல் பாய்ந்தார், மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஷேர் ஆட்டோ ஜி.எஸ்.டி. ரோட்டில் முக்கால் மணி நேரம் நகராமல் நின்றது. எட்டு மணிக்கு சென்டரை மூடிவிடுவார்கள். சரி, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், என்ன இருக்கப் போகிறது, இன்னொரு தடவை வாயு என்று போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சுப்பராயலு கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலை நாலு மணியிலிருந்து அந்த ரிப்போர்ட்டுக்காகவே காத்திருக்கிற முகம்.

"இன்னா சொன்னாங்கம்மா?"

போகவில்லை என்று சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். விளக்கம் சொல்ல வேண்டும். உடம்பில் அதற்குத் தெம்பு இல்லை.

"நார்மல்பா. ஒண்ணும் இல்லையாம்."

அப்படித்தான் அது வெளியே வந்தது. யோசித்துச் சொன்ன பொய் கூட இல்லை.

"ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் மனசுதான்னு சொன்னாங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்தை ஏன் சேர்த்தாள் என்று அவளுக்கே இன்று வரைக்கும் தெரியவில்லை. உள்ளேயிருந்து பூவம்மாள், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று குரல் கொடுத்தாள். சுப்பராயலு சட்டைப் பொத்தானை மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தாள். மறுநாள் காலையில் வேறு ஒரு பயம் வந்துவிட்டது. நார்மல் என்று சொல்லியாகிவிட்டது. இப்போது போய் வாங்கி, அதில் ஏதாவது இருந்துவிட்டால்? எந்த முகத்தோடு அதைக் கொண்டுவந்து நீட்டுவது? திங்கட்கிழமை போகலாம். அடுத்த வாரம் போகலாம். அப்படியே ஜூன் வந்துவிட்டது.

அவளுக்குத் தோதாக அப்பாவும் அந்தச் சனிக்கிழமையோடு வயிற்றைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். அன்றைக்கு அவர் முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பிப் போய், முடியோடேயே திரும்பி வந்தது இவளுக்கு நினைவிருக்கிறது. கையில் சுடச்சுடப் பக்கோடாப் பொட்டலம். "சலூனுக்குப் போயிட்டு முடியோட வர்ற ஒரே ஆளு நீதான்யா" என்றாள் பூவம்மாள். கூட்டம் என்றார் அவர். பொட்டலத்தைப் பிரித்து முதல் பிடியை மகள் கையில் வைத்தார். அதற்குப் பிறகு தழும்பு என்றோ எலும்பு என்றோ அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. குனியும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பூவம்மாள் பார்த்துவிட்டால், "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லன்ட்டான், இன்னும் இன்னா நாடகம்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

பார்த்தாயா, மனசுதான் என்று தீபலட்சுமியும் நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

"யம்மா, சொல்லுங்க. இத இன்னா பண்றது?" துளசிங்கம் அந்த எலும்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வயித்துல வைங்கண்ணா" என்றாள் தீபலட்சுமி.

கார்த்தி அவளைத் திரும்பிப் பார்த்தான். "வயித்துலயா?"

"அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாருல்ல."

அவன் கொஞ்ச நேரம் தரையில் படுத்திருந்த அந்த வெள்ளை உருவத்தையே பார்த்தான். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு நீதானக்கா சொன்னே?"

"சின்னதுடா. தெரிஞ்சிருக்காது."

சொன்ன வேகத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அப்பா சாம்பலாகிக் காலடியில் கிடக்கிறார். அவர் முன்னால் இது இரண்டாவது பொய்.

துளசிங்கம் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில், நேர்கோடாக, அதைப் பதவிசாக வைத்தார். "வெச்சாச்சிம்மா. இப்பதான் ஆளு முழுசா கீறாரு" என்றார். பால் தெளித்தார்கள். இளநீர் ஊற்றினார்கள். எல்லாவற்றையும் பானையில் எடுத்து மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார்கள். அம்மாவின் ஊர்க் கடலில்தான் கரைக்க வேண்டும் என்பதும் அப்பா சொல்லி வைத்ததுதான். மூன்று மணிக்குக் கோவளம் கிளம்பலாம் என்றான் கார்த்தி.

தீபலட்சுமி வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத் தலையோடேயே ஸ்கேன் சென்டருக்குப் போனாள்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் சின்மயி என்று பெயர் குத்தியிருந்தது. நெற்றியில் விபூதியும் ஈரத் தலையுமாக வந்து நிற்கிறவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"போன மே மாசம் எடுத்த ஸ்கேன். ரிப்போர்ட் வாங்கவே இல்ல. இப்போ கிடைக்குமா?"

"பேஷன்ட் பேரு மேடம்?"

"சுப்பராயலு."

சின்மயி தட்டித் தட்டிப் பார்த்தாள். "வயிறு சி.டி.யா? இது டெலிவரி ஆயிடுச்சே மேடம்."

"இல்லம்மா. நான்தான் வாங்கணும். நான் வரவே இல்ல."

"டெலிவரின்னுதான் காட்டுது. இருங்க, சைன் பண்ணியிருப்பாங்க." உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தாள். பக்கத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினாள்.

மே மாசத்துச் சனிக்கிழமை. அதே சனிக்கிழமை. பெயருக்கு நேரே நீல மையில் அப்பாவின் கையெழுத்து. 'ப'வை நீட்டி, கடைசி எழுத்தைச் சுழித்து, கீழே ஒரு கோடு. கையெழுத்துக்குப் பக்கத்தில் 17.40 என்று நேரம். ஐந்து நாற்பது என்று எழுதுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ரயில்வேக்காரர்.

"ரெடியானா பேஷன்ட் நம்பருக்கு மெசேஜ் போயிடும் மேடம். ரெண்டு நாள் வாங்கலைன்னா நாங்க போனும் பண்ணுவோம்" என்றாள் சின்மயி. "அவரையே கேட்டுப் பாருங்களேன், வீட்ல எங்கயாவது வெச்சிருப்பார்."

தீபலட்சுமி சரி என்று தலையாட்டினாள்.

வீட்டில் அம்மாவைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் அப்பாவின் பீரோவைத் திறந்தாள். வேட்டி மடிப்புகளுக்கு நடுவில், பென்ஷன் புத்தகத்துக்கு அடியில், பழைய சுத்தியல் வைத்திருந்த தகர டப்பாவில் என்று எல்லா இடத்திலும் தேடினாள். இல்லை. தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது வாசலில் நிழல் விழுந்தது.

மாடியில் குடியிருக்கிற சாராள். ஆஸ்பத்திரி நர்ஸ். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் இரண்டு நாளாக இவர்களுக்குக் கஞ்சியும் காபியும் அவள்தான் கொண்டுவந்து கொடுக்கிறாள். கையில் பிளாஸ்க் இருந்தது.

"என்னக்கா தேடறீங்க?"

"ஒண்ணும் இல்ல சாராள். ஒரு கவர்."

சாராள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். கொஞ்சம் தயங்கினாள். "பெரிய கவரா? ஸ்கேன் சென்டர் பேரு போட்டதா?"

தீபலட்சுமி கட்டிலடியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல எங்க வீட்லதான் இருக்குக்கா. சார் குடுத்து வெச்சாரு."

போய் எடுத்துக்கொண்டு வந்தாள். ஓரங்கள் கூட மடங்காமல் பத்திரமாக இருந்தது. தீபலட்சுமி பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"எலும்புதான்க்கா. வெட்டுன தழும்புல சில பேருக்கு அபூர்வமா எலும்பு வளர்ந்துடும். கெட்டது கிடையாது, புத்துநோய் அது இதுன்னு எதுவும் இல்ல. ஆனா வலிக்கும், குத்தும். வேணும்னா ஒரு ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இதைத்தான் சார்கிட்டயும் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. சட்டையைத் தூக்கித் தட்டிக் காட்டி, நான் சொன்னேன்ல, எலும்புச் சத்தம்னு, அப்டின்னாரு. அவ்ளோ சந்தோஷம். அப்புறம் கவரை என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு." சாராள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேட்டேன்க்கா. ஏன் சார், கீழ எடுத்துக்கிட்டுப் போங்க, அக்காகிட்ட காட்டுங்கன்னு. வேணாம் சாராளு, தீபா நார்மல்னு சொல்லிட்டா, இப்ப போய் இதக் காட்டுனா அவ மூஞ்ச எங்க வெச்சிப்பான்னாரு."

வெளியே யாரோ புதிதாக வந்து அழ ஆரம்பித்தார்கள்.

"ஆபரேஷன்?" என்றாள் தீபலட்சுமி.

"அதையும் கேட்டேன். ஸ்கூல்ல அவளுக்கு வேலை ஜாஸ்தி, அந்த அலுப்புல போகாம வந்துட்டிருப்பா. அவளே ஒரு நாள் வந்து சொல்லுவா, அன்னிக்கு எடுத்துக்கலாம்னாரு. தீபாவளிக்கு ஒரு தடவை கேட்டேன். இன்னும் சொல்லலியேன்னு சிரிச்சாரு."

மே மாசத்திலிருந்து ஜனவரி வரைக்கும். தினமும் சாயங்காலம் கேட் பக்கத்து நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். தினமும் அவள் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனாள். கல்யாணம் ஆகி ஐந்தாம் வருஷம், ஒரே ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்து நின்றபோதும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். அன்றைக்கும் எதையும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, "சக்கரம் ஒண்ணு லூசா கீது, டைட் பண்ணித் தரேன்" என்று மட்டும் சொன்னார். அவளாகச் சொல்லட்டும் என்று அப்போதும் காத்திருந்தார். அந்தக் கதையைச் சொல்ல அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இதையும் சொல்லியிருப்பாள். கட்டாயம் சொல்லியிருப்பாள். அப்படித்தான் இப்போது தோன்றியது. நிச்சயமாகத் தெரியவில்லை.

இரண்டரை மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் கலைந்தார்கள். கார்த்தி பானையை எடுக்க உள்ளே வந்தான். தீபலட்சுமி அறைக் கதவைச் சாத்தினாள். அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கவரை வைத்தாள். ஷேர் ஆட்டோவிலிருந்து 17.40 வரைக்கும் எதையும் விடாமல் சொன்னாள். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள், பாதி தூரம் முடிந்தது.

கார்த்தி சுவரில் சாய்ந்துகொண்டான். "ஏன்க்கா" என்றான்.

பூவம்மாள் கவரைத் தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று தீபலட்சுமி எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்கும் தெரியும்" என்றாள் பூவம்மாள். "மாடில சாராளுக்கும் தெரியும். உனக்கு நீ பண்ணது தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

"அம்மா..."

"நாடகம் ஆடறன்னு சொன்னேன்டி. பொங்கலன்னிக்குப் பானை தூக்கச் சொல்ல மூச்சு வாங்குனாரு. ஊரு ஜனத்துக்கு முன்னால சொன்னேன், இவருக்கு வேல செய்யணும்னா வயித்துல எலும்பு வந்துடும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ஆளும் கூடச் சேந்து சிரிச்சாரு." கவரிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள். "ஒன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு என்னக் கண்டபடி பேச வுட்டுட்டாரே."

தீபலட்சுமி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பூவம்மாள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, குனிந்து தூக்கிவிடவும் இல்லை.

பிறகு எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நானும் வரேன்" என்றாள்.

"கடலுக்கா? வேணாம்மா, சித்தப்பா ஏதாவது சொல்வார்."

"சொல்லட்டும். என் ஊரு கடலுதான?"

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில் வெயில் முதுகில் அடித்தது. பானை அம்மாவின் மடியில் இருந்தது. கோவளத்தில் படகுகளைத் தாண்டி, வலை காயப்போட்டிருந்த இடத்தையும் தாண்டி, ஆள் இல்லாத பக்கமாகப் போய் நின்றார்கள். கார்த்தி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பானைக்காகக் கையை நீட்டினான்.

"இரு" என்றாள் பூவம்மாள்.

ஈர மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் துணியை அவிழ்த்தாள். பத்து நாள் கழித்து உடைக்கப் போகிற கண்ணாடி வளையல்கள் பானையின் வாயில் உரசின.

"எதுடி அது?"

தீபலட்சுமி பக்கத்தில் மண்டியிட்டாள். தேட வேண்டியிருக்கவில்லை. பானையிலும் அதைத்தான் கடைசியாக வைத்திருந்தார்கள், மேலேயே இருந்தது. எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

பூவம்மாள் சின்ன வயசில் மீன் கூடை தூக்கியவள். ஆயிரம் முள்ளைப் பார்த்த கை அது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரடுமுரடான ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதோடு ஒட்டி அதை வைத்துக்கொண்டாள். கடல் இரைச்சலில் கேட்காதென்று இன்னொரு காதைத் தோளால் அழுத்தி அடைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலை மடக்கி, அவர் தட்டுகிற மாதிரியே, ஒரு தட்டுத் தட்டினாள்.

மறுபடியும் ஒரு தட்டு.

"எலும்புதான்யா" என்றாள், மகனிடமும் இல்லை, மகளிடமும் இல்லை.

கார்த்தி பானையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முழங்காலளவு போய், திரும்பி நின்று, அம்மாவின் கையில் இருப்பதற்காகக் காத்திருந்தான். அவள் தரவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.